எதிர்காற்று வாங்குகிறவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களுக்குச் சைக்கிளில் ஷிஃப்ட் போய்வரும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும்,

நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சேர்ந்து அதிக காலம் ஆகாத நிருபர். பொன்னேரிப் பக்கத்து ஆள். எங்கள் அலுவலகத்தில் கிரிக்கெட் எழுத வரிசை நிற்கிறது. செஸ்ஸுக்கு ஆள் உண்டு, கால்பந்துக்கு உண்டு, கபடிக்குச் சண்டையே உண்டு. கடைசியாக வந்து சேர்ந்தவர் தலையில் விழுவது யாருக்கும் வேண்டாத செய்திகள். அப்படித்தான் ஐரோப்பியச் சைக்கிள் பந்தயம் என் மேசைக்கு வந்தது. ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியை நூறு சொல்லில் தமிழாக்கி, விளம்பரத்துக்கு மேலே மிஞ்சிய இடத்தில் பொருத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. இப்போது அந்தப் பந்தயங்களைப் பார்ப்பதற்காக வார விடுமுறையை மாற்றிக் கேட்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

இதை ஏன் எங்களுக்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். இந்த விளையாட்டில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதியைச் சொல்லத்தான் இந்த மடல். உங்களோடு அறையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தோழர்களுக்கு யாராவது வாசித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

முதலில் காற்று. ஏ ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை பக்கம் திரும்புகிறவர்களைப் பல நாள் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கொண்டல் எழுந்துவிடும். சாலை தெற்கே போகிறது, காற்று கிழக்கேயிருந்து வருகிறது. இடது தோளில் அடிக்கும். நான்கைந்து பேராகப் போகிறவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொள்வீர்கள். பெரும்பாலும் கால் வலுவுள்ள இளவட்டம் ஒன்று முன்னால் போகும். அது களைத்தால் இன்னொருவர் முன்னே வருவார். பேச்சு கிடையாது, மிஞ்சிப் போனால் ஒரு தலையசைப்பு.

கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறைப் பந்தயத்தின் அடிப்படையும் இதுவே. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் ஓட்டுபவரின் உழைப்பில் மிகப் பெரும் பகுதியைக் காற்றே தின்றுவிடும். 2018இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 ஓட்டுநர்கள் கொண்ட ஒரு கூட்டத்தை மாதிரியாக அமைத்துக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் சோதித்தார்கள். கூட்டத்தின் நடு ஆழத்தில் இருப்பவர்மீது விழும் காற்றின் எதிர்ப்பு, தனியே ஓட்டுபவர்மீது விழுவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. முதல் வரிசை மூச்சுவாங்க மிதிக்கும்போது நடுவில் இருப்பவர் சாவகாசமாக வாழைப்பழம் உரித்துத் தின்னலாம். தின்கிறார்கள்.

பக்கக்காற்று வந்தால் கணக்கு மாறுகிறது. இடப்புறமிருந்து அடித்தால் ஒதுங்கும் இடம் முன்னவரின் நேர்பின்னால் இல்லை, வலப்பின்னால் இருக்கிறது. பந்தயத்தில் சாலை முழுவதும் அவர்களுக்கே என்பதால், ஒருவர் தோளுக்குப் பின் ஒருவராக அகலம் முழுக்கச் சாய்வாக விசிறி விரிக்கிறார்கள். சாலை எத்தனை பேரைக் கொள்ளுமோ அத்தனை பேருக்கே விசிறியில் இடம். பதினைந்தாவது ஆளோடு தார் முடிந்தால் பதினாறாவது ஆள் ஓரத்துப் புழுதியில் முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு திணற வேண்டியதுதான். வலுவான அணி வேண்டுமென்றே அப்படிச் செய்து எதிரியை அறுத்துவிடும். உங்கள் சாலையில் அந்த வலப்பின் இடத்தில் கொல்கத்தா லாரி போய்க்கொண்டிருக்கிறது. அதனால் நிழல் எங்கே என்று உடம்புக்குத் தெரிந்தும் இடது ஓரத்திலேயே காற்றை வாங்கிக்கொண்டு மிதிக்கிறீர்கள். தொழில்முறை ஓட்டுநர்களைவிடக் கஷ்டமான பந்தயம் அது, பரிசும் கிடையாது.

முன்னால் போகிறவர் இழக்கிறார், பின்னால் வருகிறவர் சேமிக்கிறார். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறக்கிறது. டூர் டி பிரான்ஸில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். 21 நாள் ஓட்டம், இடையில் இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் 3,400 கிலோமீட்டர் அளவில். எட்டுப் பேரில் வெல்வதற்கென்று இருப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். மற்றவர்கள் அவருக்காகக் காற்றை வாங்குவார்கள். அணி காரிடம் பின்தங்கிப் போய்ச் சட்டைக்குள் தண்ணீர்ப் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு திரும்பவும் முன்னேறுவார்கள். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். அணியின் பெயரோ பெரும்பாலும் நாட்டின் பெயர் இல்லை. ஒன்று பசை விற்கும் கம்பெனி, ஒன்று தரைப்பலகை, ஒன்று லாட்டரி, ஒன்று சூப்பர் மார்க்கெட். யார் சம்பளம் கொடுக்கிறார்களோ அவர்கள் பெயர் முதுகில்.

என்னைக் கவிழ்த்த நாளைச் சொல்கிறேன். 2024 ஜூன் 29. அந்த ஆண்டு டூர் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் தொடங்கியது. முதல் நாள் ரிமினி கடற்கரை வரை 206 கிலோமீட்டர், இடையில் ஏற்றம் மேல் ஏற்றம், கடும் வெயில். நம் நேரப்படி இரவு ஒன்பதுக்கு மேல் முடிந்தது. என் வேலை யார் வென்றார் என்று நூறு சொல் எழுதுவது. வென்றவர் ரொமான் பார்தே, பிரெஞ்சுக்காரர், 33 வயது, இதுவே தன் கடைசி டூர் என்று அறிவித்துவிட்டு வந்தவர். மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் பனியனை அதுவரை ஒரு நாளும் அணியாதவர். கோட்டுக்கு வரும்போது அவரோடு இன்னொருவர் இருந்தார்: அதே அணியின் ஃபிராங்க் வான் டென் புரூக், முதன்முதலாக டூர் ஓட்ட வந்திருந்த பையன். நாள் முழுக்க முன்னால் தப்பி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பையன், பார்தே பின்னாலிருந்து வந்து சேர்ந்ததும் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் அவருக்காக இறைத்தார். துரத்தி வந்த பெருங்கூட்டத்துக்கும் இவர்கள் இருவருக்கும் இடையில் கடைசியில் 5 விநாடிதான். பையன் தன்னந்தனியாக அந்த 5 விநாடியைப் பெற்றிருக்க முடியாது, பார்தேயாலும் முடிந்திருக்காது. கோட்டைத் தாண்டும்போது யார் முதலில் என்று இருவருக்கும் இடையில் சண்டையே இல்லை.

இதை எழுதி அனுப்பிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் திரையில் பந்தயம் முடியவில்லை. வெகுநேரம் கழித்து மார்க் கேவண்டிஷ் வந்தார். ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டரில் புயலாகப் பாய்பவர் அவர்; மலை என்றால் ஆகாது. எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய ஜாம்பவானோடு சமமாக டூரில் 34 நாள்-வெற்றிகள் வைத்திருந்தார். இன்னும் ஒன்று கிடைத்தால் சாதனை. முந்தைய ஆண்டு விழுந்து காறையெலும்பு முறிந்து, ஓய்வு பெறுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு 39 வயதில் வந்திருந்தார். அன்று முதல் ஏற்றத்திலேயே கூட்டம் அவரை விட்டுப் போய்விட்டது. சைக்கிளில் இருந்தபடியே வாந்தி எடுத்தார். அணித் தோழர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், முன்னால் போய்க் காற்றை வாங்கினார்கள், அவர் தளர்ந்தால் வேகத்தைக் குறைத்தார்கள். அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு: வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட ஒரு சதவீதத்தைக் கூட்டி வரும் கெடுவுக்குள் வராதவர் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். கேவண்டிஷ் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கிக் கெடுவுக்குள் வந்து சேர்ந்தார்.

ஜூலை 3 அன்று சான் வுல்பாஸ் என்ற ஊரில் அதே கேவண்டிஷ் தன் 35ஆவது வெற்றியைப் பெற்றார். எங்கள் பக்கத்தில் படத்துடன் போட்டோம். அவரை வெயிலில் இழுத்து வந்த தோழர்களின் பெயருக்கு இடமில்லை. நான் எழுதிய செய்தியில்தான் இடமில்லை என்பதால் எனக்கு யார்மீதும் குறை சொல்ல வழியும் இல்லை.

அன்றிலிருந்து நான் பந்தயத்தை வால் பக்கமிருந்து பார்க்கப் பழகினேன். மலை நாட்களில் கெடுவுக்குள் ஊர் சேர்வதற்காக எதிரெதிர் அணிக்காரர்களே ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும் ஒரு கூட்டம் பின்னால் உருவாகும். அங்கே போட்டி இல்லை. கணக்குப் போடத் தெரிந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் வேகத்தைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். பாடிக்கொண்டு போவார்களாம், திட்டிக்கொண்டு போவார்களாம். கேமரா அங்கே அதிகம் போவதில்லை. எனக்கு அந்தக் கூட்டம்தான் பிடித்திருக்கிறது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. 2009இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு வந்தது. லாரி, பஸ் டயர் செய்கிறது. அது நிற்கும் நிலம் மேய்ச்சல் காடாக இருந்தபோது ஊரார் நடத்திய போராட்டம் தனிக்கதை. அதை விளையாட்டு நிருபர் இரண்டு வரியில் முடிக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது டயரின் கதை.

பிரான்சில் கிளெர்மான் ஃபெராந்து என்ற ஊரில் ஆந்திரே, எதுவார் என்ற மிச்செலின் சகோதரர்கள் ரப்பர் பட்டறை வைத்திருந்தார்கள். 1889இல் சைக்கிள்காரர் ஒருவர் பஞ்சரான டன்லப் டயரோடு வந்து நின்றாராம். அந்தக் காலத்து டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரித்து, அடைத்து, திரும்ப ஒட்டுவதற்கே சில மணி நேரம். பசை காய ஓர் இரவு. எதுவாருக்கு அங்கேதான் யோசனை வந்தது. 1891இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். பஞ்சர் வேலை கால் மணி நேரமாகச் சுருங்கியது. இன்றைக்கு நம் பஞ்சர் கடை அண்ணன் இரண்டு கம்பியை விட்டு நெம்பி ட்யூபை உருவுகிறார் அல்லவா, அதன் தலைமுறை அங்கே தொடங்குகிறது.

புதுச் சரக்கை யார் நம்புவார்கள்? அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பத்திரிகை பாரிஸிலிருந்து மேற்குக் கடலோரத்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை நடத்தியது. ஷார்ல் தெரோன் என்பவர் மிச்செலின் டயரில் ஓட்டினார். எதிராளி ஜீல் லவால் டன்லப்பில். லவால் முன்னால் போய், இரவில் சற்றுத் தூங்கினார். அந்தத் தூக்கத்தில் தெரோன் அவரைக் கடந்து போய்விட்டார். 71 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக, தூங்காமல் ஓட்டிப் பாரிஸை அடைந்தார். பொழுது விடியும் வேளையில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். பந்தயம் என்ற பெயரில் நடந்தது டயர் விளம்பரம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அந்தப் பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. நான்காண்டுக்கு ஒருமுறை பந்தயமாக இல்லாமல் 90 மணி நேரக் கெடுவோடு பொதுமக்கள் ஓட்டுகிறார்கள். 2023இலும் நடந்தது, இந்தியாவிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள்.

டூர் டி பிரான்ஸ் பிறந்ததிலும் மிச்செலினுக்கு ஒரு சிறு பங்குண்டு. டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரிமீது போட்ட வழக்கில் பிரான்ஸே இரண்டாகப் பிளந்திருந்த நேரம். 'லெ வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் பியேர் ஜிஃபார் டிரைஃபஸ் பக்கம் பேசினார். பாரிஸ்–பிரெஸ்ட் பந்தயத்தை யோசித்தவரும் அவரே. எதிர்ப்பக்கத்து முதலாளிகள் சிலர் விளம்பரத்தை நிறுத்திவிட்டு 1900இல் தனிப் பத்திரிகை தொடங்கினார்கள். மிச்செலினும் அவர்களில் ஒருவர். பத்திரிகை மஞ்சள் தாளில் வந்தது, விற்கவில்லை. 1902 நவம்பரில் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்து, நாடு முழுக்க ஒரு சுற்றுப் பந்தயம் விடலாம் என்று சொன்னவர் ஜியோ லெஃபேவ்ர், இருபதுகளின் நடுவில் இருந்த விளையாட்டு நிருபர். வேறு எதுவும் தோன்றாததால் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்றும் ஒரு பேச்சுண்டு. அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் அதை நான் அப்படியே நம்புகிறேன்.

1903 ஜூலையில் 60 பேர் கிளம்பினார்கள். ஆறே கட்டம், 2,428 கிலோமீட்டர். முதல் கட்டமே பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர். 21 பேர் முடித்தார்கள். வென்றவர் மோரிஸ் காரன், சிறு வயதில் புகைபோக்கி துடைத்தவர். லெஃபேவ்ர் கொஞ்ச தூரம் சைக்கிளில், கொஞ்ச தூரம் ரயிலில் என்று துரத்திக்கொண்டே நடுவராகவும் நேரக் காப்பாளராகவும் நிருபராகவும் இருந்தார். ஓவர்டைம் கொடுத்தார்களா என்று வரலாறு சொல்லவில்லை. பத்திரிகை விற்பனை இரட்டிப்புக்கும் மேல் போனது. 1919இல் முதலிடத்தில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன் கொடுத்ததும் அந்தத் தாளின் நிறத்தை ஒட்டித்தான் என்பார்கள்.

அந்த மஞ்சள் பனியனை முதலில் போட்டவர் ஒஜேன் கிறிஸ்தோஃப். ஃபர்னஸிலும் ஃபோர்ஜிங் ஷாப்பிலும் நிற்கிற நீங்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1913இல் பிரினீஸ் மலையில் தூர்மாலே கணவாயைக் கடந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. அன்று அவர் டூரின் முதலிடத்தைப் பிடிக்கும் நிலையில் இருந்தார். வெளியாள் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி நடந்து, சான்த் மரி தெ கம்பான் என்ற சிற்றூரின் கொல்லுப்பட்டறையை அடைந்தார். கொல்லர் வழி சொல்லலாம், கை வைக்கக் கூடாது. அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி, தட்டி, ஃபோர்க்கைப் பொருத்திக் கிளம்ப மணிக்கணக்கில் ஆயிற்று. இரண்டு கையும் இரும்பில் இருந்ததால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அதற்காக அவருக்கு 10 நிமிடம் தண்டனை. பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். நாலு மணி நேரம் போன மனிதனுக்கு ஏழு நிமிடத் தள்ளுபடி! மேற்பார்வையாளர் என்ற இனம் எல்லாத் தேசத்திலும் உண்டு. 1919இலும் மஞ்சள் பனியனோடு இருந்தவருக்குக் கடைசி நாட்களில் மறுபடி ஃபோர்க் முறிந்தது. அவர் டூரை ஒருபோதும் வெல்லவில்லை.

ரெனே வியத்தோ இன்னொருவர். 1934இல் 20 வயது, கான் நகரத்து ஓட்டலில் எடுபிடியாக இருந்தவர். மலையில் அவரைப் போல் ஏறுபவர் அந்த ஆண்டு இல்லை. ஆனால் அவருடைய தலைவர் அந்தோனன் மாஞ் மஞ்சள் பனியனில் இருந்தார். மாஞின் சக்கரம் உடைந்ததும் வியத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. மறுநாள் மலையில் முன்னால் இருந்தவர், பின்னால் தலைவர் மறுபடி சிக்கிக்கொண்டார் என்று கேட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஏறினார். மாஞ் வென்றார். வியத்தோ ஐந்தாவது. இதைத் தியாகம் என்று எழுதுவது எங்களுக்கு வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் சந்தேகம் இருக்கிறது. அவர் அழுதது சந்தோஷத்தில் இல்லை. சம்பளம் வாங்குகிறவனின் நிர்ப்பந்தமும் தோழனின் விசுவாசமும் எந்த அளவில் கலந்திருந்தன என்று உங்களில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

அக்காமாருக்கு ஒன்று. 1924இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் ஆண்களோடு ஓட்டினார் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா. மழையிலும் சேற்றிலும் விழுந்து ஹேண்டில்பார் முறிந்தது. துடைப்பக் கட்டையைச் செருகிக்கொண்டு ஓட்டினார். அன்று கெடுவைத் தாண்டித்தான் வந்தார், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்; ஆனாலும் மிலான் வரை ஓட்டி முடித்தார். கிளம்பிய 90 பேரில் பட்டியலில் மிஞ்சியவர்கள் 30. பெண்களுக்கான டூர் 2022 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் டூரை வென்ற காரன் இரண்டாவது டூரிலேயே மோசடிக்காகத் தகுதி இழந்தார். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு பட்டங்களும் ஊக்கமருந்துக்காக 2012இல் பறிக்கப்பட்டன. இவ்வளவு பொய் இருந்த இடத்தில் இப்போது எல்லாம் தூய்மை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

நம் பக்கத்திலும் சைக்கிளுக்குக் குறைவில்லை. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து சைக்கிள் கம்பெனி தொடங்கியது அம்பத்தூரில். 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை அது நம் திருவள்ளூர் மாவட்டம்தான். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்து ஊர் ஊராகப் போயின. குழாய் ஆவடியில் ஆனது. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளிலேயே இன்னும் ஷிஃப்டுக்கு வரும் தம்பிகள் உங்களில் இருக்கிறீர்கள். சைக்கிள் செய்தோம், ஓட்டினோம். பந்தயத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. மேலக்கோட்டையூரில் சாய்தள ஓடுபாதை இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா சைக்கிள் போட்டிகள் அங்கே நடந்தன. 2023 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எச்.சி.எல். சைக்ளத்தான் தொடங்கியது. பிறகு ஒருமுறை நான் போயிருந்தேன். உலகச் சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடைக்கு நெருங்கிய வண்டிகளை அங்கே பார்த்தேன். உங்கள் கேரியர் வைத்த வண்டி அதைப்போல் மூன்று மடங்கு கனம், விலையோ அதன் ஒரு சக்கரத்துக்குக் காணாது. அங்கே நின்ற கூட்டத்தில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர் எவரையும் நான் பார்க்கவில்லை.

டூருக்கு டிக்கெட் கிடையாது. சாலையோரத்தில் நாற்காலி போட்டு, சோறு கட்டிக்கொண்டு வந்து, நாள் முழுக்கக் காத்திருந்து, அரை நிமிடத்தில் கடந்து போகும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். விவசாயிகள், ஆலைத் தொழிலாளர்கள், ஓய்வுபெற்றவர்கள். எரித்திரியாவில் இத்தாலியர்கள் விட்டுப்போன விளையாட்டை மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து வந்த பினியம் கிர்மாய் 2024இல் டூரின் ஒரு நாளை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார், புள்ளிக் கணக்கில் முதல்வருக்கான பச்சைப் பனியனையும் கொண்டுபோனார். நமக்கும் அப்படி ஒரு விதை ஏற்கெனவே இருந்தது என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும்.

சைக்கிள் சுற்றுவது. பள்ளிக்கூடத் திடலில், கோயில் முன்னால், நடுவில் கம்பம் நட்டு ட்யூப் லைட் கட்டி, ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு ஓட, ஒருவர் இரவு பகலாக நாட்கணக்கில் இறங்காமல் சுற்றுவார். சைக்கிளில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார், பல்லால் குடம் தூக்குவார், மார்பில் ட்யூப் லைட் உடைப்பார். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். வித்தை என்று அதை ஒதுக்கிவிட்டோம். லண்டனில் 1878இலும் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கத்தில் 1891இலும் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடந்தபோதும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். ஓட்டுபவர்கள் தூக்கமின்றிப் பிதற்றும் நிலைக்குப் போனார்கள். ஒருவர் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 1898இல் சட்டம் வந்ததும், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் அணி முறை பிறந்தது. மாடிசன் என்ற பெயரிலேயே அது இன்று ஒலிம்பிக்கில் இருக்கிறது. அவர்கள் வித்தையை எழுதி வைத்தார்கள், எண்ணி வைத்தார்கள், விதி போட்டார்கள். நம் ஆட்களைப் பற்றி எங்கள் செய்தித்தாள்கள் எழுதியது மிகக் குறைவு.

ஆகவே கேட்கிறேன். கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை, மாதர்பாக்கம், எந்த ஊரானாலும் சரி, உங்கள் அப்பாவோ மாமாவோ சைக்கிள் சுற்றியிருந்தால், அல்லது நீங்கள் சிறு வயதில் பார்த்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை நாள், தூக்கம் வந்தால் என்ன செய்தார், பக்கத்தில் யார் ஓடிவந்து சோறு ஊட்டினார்கள், வசூல் யாருக்குப் போனது, கால் எப்போது சரியானது. சுற்றியவர் பெயரைவிட அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் பெயர் எனக்கு முக்கியம். ஒடிசாவிலும் பீகாரிலும் இப்படி உண்டா என்று அறைத் தோழர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜூலையில் டூர் தொடங்கும். அன்றாட ஓட்டம் பெரும்பாலும் நம் நேரத்துக்கு இரவு எட்டரை, ஒன்பது வாக்கில் முடியும். ஏ ஷிஃப்ட்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம். பி ஷிஃப்ட்காரர்களுக்கு மறுநாள் காலைச் செய்திதான். அந்தச் செய்தியின் முதல் வரியில் வென்றவர் பெயர் இருக்கும், அதை மாற்ற எங்கள் மேசையில் விட மாட்டார்கள். கடைசிப் பத்தியை எப்படியாவது காப்பாற்றிக் கொடுக்கப் பார்க்கிறேன். பக்கத்தில் விளம்பரம் பெரிதாகிவிட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர் விளையாட்டு நிருபர்